அறுபத்து மூன்று வெற்றுக் கட்டங்கள்

மே மாதம் முதல் தேதி, வியாழக்கிழமை. மஞ்சநத்திப்பட்டியில் கிராமசபைக் கூட்டம். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது முருகலட்சுமி மட்டும் அந்தச் சிரிப்பில் சேரவில்லை.

தாளின் இடது ஓரத்தில் 2012 என்றும் வலது ஓரத்தில் 2025 என்றும் அச்சிட்டிருந்தார்கள். நடுவில் நீலப் புள்ளிகள் மேலும் கீழுமாகத் தாவின. அவற்றின் ஊடாக ஒரு சிவப்புக் கோடு நேராகப் போய், முடிவில் கொஞ்சம் தலையைத் தூக்கியிருந்தது. ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் ஆண்டுக்கு மூன்று இஞ்ச் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். அதனால், ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முதல் பட்டியலிலிருந்து மஞ்சநத்திப்பட்டியை எடுத்து இரண்டாம் பட்டியலில் வைத்திருந்தார்கள்.

"ரெண்டாம் பட்டியலுக்கு எப்பம்மா தண்ணி வரும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது இன்னும் முடிவாகலைங்க," என்றாள் திட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் துர்காதேவி. இருபத்தெட்டு வயதுப் பெண். "ஆட்சேபம் இருந்தா பதினஞ்சாந்தேதிக்குள்ள அருப்புக்கோட்டை ஆபீஸ்ல எழுதிக் குடுங்க."

"ஏறுதாம்ல, ஏறுதாம்!" பிச்சையம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். அறுபத்தைந்து வயதிலும் அவள் குரல் கடைசித் தெருவரை கேட்கும். "நேத்து ரெண்டு கொடத்துக்கு ஒரு மணி நேரம் நின்னேன். ஏறுன தண்ணி எந்த வழியா எறங்கிப் போச்சு?"

சிரிப்பு அடங்கியதும் துர்காதேவி சொன்னாள்: "இது எங்க கணக்கு இல்லங்கம்மா. உங்க டேங்க் ஆபரேட்டர் அக்கா எழுதுன நோட்டுதான். இருபத்து மூணு ஊர் பாத்தோம். இவ்வளவு சுத்தமா யாருமே எழுதல."

எல்லாத் தலைகளும் முருகலட்சுமியின் பக்கம் திரும்பின. பதிமூன்று ஆண்டுகளில் அவளுடைய நோட்டை ஊருக்கு நடுவில் ஒருவர் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. சுவரில் இருந்த புள்ளிகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். 2017 இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகளே அதிகம் இல்லை. இந்தப் பக்கத்துப் புள்ளியிலிருந்து அந்தப் பக்கத்துப் புள்ளிக்கு ஒரு கோடு பாலம் போலத் தாண்டிப் போயிருந்தது. அந்தப் பாலத்துக்கு அடியில் என்ன இருந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

முருகலட்சுமிக்கு ஐம்பத்தொரு வயது. எம்.ரெட்டியபட்டியில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து, எட்டாம் வகுப்புவரை படித்தாள். பத்தொன்பது வயதில் ஆண்டிச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு மஞ்சநத்திப்பட்டிக்கு வந்தாள். பருத்தி எடுத்தாள், கம்பங்கதிர் அறுத்தாள், மல்லிக்குக் களை எடுத்தாள். ஆண்டிச்சாமி பஞ்சாயத்து மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பும் வேலையில் இருந்தார். 2011 நவம்பரில் தொட்டியைக் கழுவ ஏறியவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். 2012 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த வேலை முருகலட்சுமிக்கு வந்தது.

மோட்டார் போடுவதோடு இன்னொரு வேலையும் இருந்தது. மாதம் இரண்டு முறை, முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும், கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். மற்ற ஊர்களில் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு குத்துமதிப்பைப் போடுவார்கள். முருகலட்சுமி அப்படிச் செய்யவில்லை. அளவு நாடாவின் நுனியில் ஒரு பித்தளை நட்டைக் கட்டி, நாடாவில் சாக்பீஸைத் தேய்த்து, காலை ஆறரை மணிக்கு மோட்டார் போடுவதற்கு முன்னால் கிணற்றுக்குள் இறக்குவாள். நட்டு தரையில் தட்டியதும் இழுப்பாள். தண்ணீரில் நனைந்தவரை சாக்பீஸ் கரைந்திருக்கும். எதுவரை கரைந்திருக்கிறதோ அதுவே தண்ணீரின் உயரம். "11 அடி 7 இஞ்ச்" என்று எழுதி, பக்கத்தில் மணியையும் எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

கிணறு வற்றிய நாட்களில் சாக்பீஸ் போனபடியே வெள்ளையாகத் திரும்பி வரும். அன்றைக்குத் தேதியை மட்டும் எழுதிவிட்டுக் கட்டத்தை விட்டுவிடுவாள்.

அதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் அரிசிப் பானை காலியானால் காலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அரிசி நிறைந்துவிட்டது என்பார்கள். உப்பு, விளக்கெண்ணெய் எல்லாவற்றுக்கும் அதே பேச்சுதான். அவள் நோட்டைக் கையில் வாங்கிய முதல் வாரத்தில் மாமியார் சோலையம்மாள் சொல்லியிருந்தாள்: "ஏத்தா, ஊரு குடிக்கிற தண்ணி. உங்கையால அதுக்கு முட்டை போட்டுறாத." 2013 மே மாதத்தில் முதல் தடவை நாடா வெள்ளையாக வந்தபோது பேனாவைத் திறந்து பூஜ்யம் போடப் போனாள். கை வரவில்லை. வெறுமனே விட்டாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

அளக்கப் போகாத நாட்களிலும் கட்டம் வெறுமனேதான் இருந்தது. அளக்காததற்கு என்ன எழுதுவது?

அன்று மதியம் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நோட்டுகளை விரித்தாள். மூன்று நீள நோட்டுகள். ஏப்ரல்வரை மொத்தம் முந்நூற்று இருபது தேதிகள். விரல் வைத்து எண்ணினாள். வெற்றுக் கட்டங்கள் அறுபத்து மூன்று. முதல் நான்கு ஆண்டுகளில் எட்டு. மீதி ஐம்பத்தைந்தும் அதற்குப் பிறகு. இன்னொரு முறை எண்ணினாள். அறுபத்து மூன்றுதான்.

"தண்ணி கெடந்த நாளையெல்லாம் எழுதியிருக்கேன். வத்துன நாளையெல்லாம் விட்டுட்டேன்," என்றாள் கணவனிடம். "நோட்டப் பாத்தா இந்தக் கிணறு ஒரு நாளும் வத்தல."

ஆண்டிச்சாமி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். "அப்ப ஒம் மாமியா சொன்னது பலிச்சிருச்சு. தண்ணி வத்தவே இல்ல, தாளுல."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போனாள். நாடாவை இறக்கினாள். அன்று காலைதான் அளந்திருந்தாள். ஒரு அடி இரண்டு இஞ்ச். இப்போதும் அதேதான். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போனாள். அடுத்த பதினான்கு நாட்களும் இப்படித்தான் கழிந்தன. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறாளா, இல்லை உட்கார முடியாமல் போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. விரல்களில் சாக்பீஸ் வெள்ளை போகவே இல்லை.

ஐந்தாம் தேதி திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் ரெட்டியபட்டி போய், அங்கிருந்து பஸ் பிடித்து அருப்புக்கோட்டைக்குப் போனாள். துர்காதேவி கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்தக் கட்டமெல்லாம் தகவல் இல்லைன்னு நெனச்சேன்க்கா. கம்ப்யூட்டர் அத விட்டுட்டு, அடுத்த புள்ளிக்குக் கோடு போட்டுருச்சு."

"தகவல் இல்லாம இல்ல தாயி. தண்ணி இல்ல."

துர்காதேவியின் கை மேசையில் அப்படியே நின்றது. "வத்துன நாளா? எல்லாமா?"

"எல்லாம் இல்ல. பாதிக்கு மேல. நான் போகாத நாளும் கலந்து கெடக்கு."

"ஏன்க்கா ஜீரோ போடல?"

காரணத்தைச் சொன்னால் இந்தப் பெண் சிரிக்குமோ என்று முருகலட்சுமிக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு மெல்ல, "எங்க வீட்ல போடமாட்டாக," என்றாள்.

துர்காதேவி சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் காலி சிலிண்டர நெறஞ்சிருச்சுன்னுதான் சொல்லும்," என்றாள். பிறகு குரல் மாறியது. "ஆனா அறுபத்து மூணையும் நானா ஜீரோ ஆக்க முடியாதுக்கா. மேல இருக்கவுக கேப்பாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் வத்துச்சா, நீங்க போகலையான்னு பிரிச்சுத் தாங்க. எப்படித் தெரியும்னும் எழுதுங்க. தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க. பத்து நாள்தான் இருக்கு."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. மடியில் நோட்டு, மனதுக்குள் தேதிகள் ஓடின.

ஆறு கட்டங்கள் எளிது. மகளின் பிரசவத்துக்கு இரண்டு, ஆண்டிச்சாமியின் இடுப்பு ஆபரேஷனுக்கு மதுரையில் கிடந்ததற்கு இரண்டு, அப்பா செத்ததற்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. அந்த நாட்களில் பக்கத்து வீட்டு ஆள் மோட்டாரைப் போட்டார், நாடாவைத் தொடவில்லை. அவற்றில் 'போகவில்லை' என்று எழுதினாள்.

முப்பத்தொரு கட்டங்கள் அவளுக்கே நிச்சயமாகத் தெரிந்தன. 2017-இல் தொடர்ந்து வற்றிய மாதங்களை எப்படி மறக்க முடியும்? அடித்தரையில் பாறை தெரிந்தது. நூறு நாள் வேலைக்காரர்கள் உள்ளே இறங்கித் தூர் அள்ளினார்கள். மிச்சம் இருபத்தாறு.

மறுநாள் காலை நோட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வரிசையில் பதினேழு குடம். ஆள்கள் ஆறு பேர்.

"இந்தா வந்துட்டா, கிணத்த நெறச்ச மகராசி," என்றாள் பிச்சையம்மாள்.

"மதினி, ஏச்சுப் பேச்சு அப்புறம். 2019 ஜூன் பதினஞ்சு. கிணத்துல தண்ணி கெடந்துச்சா?"

"ஏன்டி, ஜூனு பதினஞ்சுன்னா எனக்கு எங்குட்டுத் தெரியும்? தமிழ் மாசத்துல சொல்லு."

"ஆனி மாசம். ஆனி பொறக்கையில."

"அந்த வருசந்தான எங்க பேத்தி தங்கலட்சுமிக்குச் சடங்கு!" பிச்சையம்மாளின் கண் விரிந்தது. "தண்ணி லாரிக்காரன் பின்னால பாக்காம வந்து பந்தக்கால்ல இடிச்சு, வாழ மரம் சாஞ்சு தாய்மாமன் தலையில விழுந்துச்சே! ஒம் புருசன்தான் கிணத்துல ஒரு சொட்டு இல்ல, லாரிக்குச் சொல்லிரு மதினின்னாரு."

"நல்லா நெனவிருக்கா?"

"மறக்குமா? அந்தத் தாய்மாமன் ஆறு மாசம் எங்க வீட்டுப் பக்கமே வரலையே."

குழாயடியில் அன்றும் மறுநாளும் கல்யாணம், காதுகுத்து, சாவு, சண்டை எல்லாம் வெளியே வந்தன. மாட்டை விற்றது தண்ணீர் இல்லாமல்தான் என்று ஒருத்தி சொன்னால், இல்லை, கடனுக்கு என்றாள் இன்னொருத்தி. முருகலட்சுமி இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டாள். அப்படி ஏழு கட்டங்கள் தெளிந்தன.

அங்கன்வாடிப் பணியாளர் காளீஸ்வரியிடம் வேறொரு பதிவேடு இருந்தது. பிள்ளைகளுக்கு என்றைக்கு என்ன சமைத்தோம், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தினமும் அவள் ஒரு வரி எழுதுவாள். அதில் தேடியபோது பதினான்கு தேதிகளில் 'லாரித் தண்ணீர்' என்று இருந்தது.

"அப்ப பதினாலும் வத்துனதுதான் அக்கா. எழுதிக்கோங்க," என்றாள் காளீஸ்வரி.

முருகலட்சுமி பேனாவை எடுத்தாள். முதல் தேதியில் எழுதப் போனவள் நின்றாள். லாரி வந்தால் கிணறு வற்றியது என்றுதான் அர்த்தமா? மோட்டார் எரிந்தாலும் லாரி வருமே. கிணற்றில் பத்தடி கிடக்கும்; ஏற்றித்தர மோட்டார் இருக்காது. பஞ்சாயத்து ஆபீசில் மோட்டார் காயில் கட்டக் கொடுத்த ரசீதுகளைத் தேடினாள். இரண்டு தேதிகள் அந்த நாட்களோடு மோதின. அவற்றை விட்டுவிட்டுப் பன்னிரண்டை மட்டும் எடுத்தாள்.

ஆக, வற்றியது ஐம்பது. போகாதது ஆறு. தெரியாதது ஏழு. அந்த ஏழில்தான் அவளுடைய உயிர் கிடந்து துடித்தது. கோலம் போடும்போது ஒன்று நினைவுக்கு வந்தாற்போல இருக்கும். எழுந்து நோட்டைப் பார்த்தால் அது வேறு வருஷமாக இருக்கும்.

ஊராட்சிச் செயலர் இம்மானுவேல் நல்ல மனுஷன். அந்த ஊர்க்காரன் இல்லாவிட்டாலும் ஊருக்காக ஓடுகிறவன். அவன் ஏழு கேள்விக்குறிகளையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"அக்கா, கேள்விக்குறிய எவன் நம்புவான்? ஏழுலயும் வத்துனதுன்னு போட்ருங்க. ஊருக்கு நல்லதுதான?"

"தெரியாதத எப்படிடா தம்பி போடுறது?"

"தெரிஞ்சத போடாம விட்டீங்கல்ல இத்தன வருசம்? அதுக்கு இது பரிகாரம்."

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. சரியான பேச்சுதான் என்று தோன்றியது. ஏழு முட்டை, ஏழு விநாடி வேலை. ஊர் முழுக்கக் குடம் தூக்குவது நிற்கும். பேனாவைத் திறந்துகூட வைத்தாள். எழுதவில்லை. அதற்குக் காரணம் அந்த ஏழு மட்டும் இல்லை. இம்மானுவேலுக்குத் தெரியாத வேறு நான்கு இருந்தன.

2018 ஜூன் பதினைந்து, ஜூலை ஒன்று, ஜூலை பதினைந்து, ஆகஸ்ட் ஒன்று. நான்கிலும் ஒரே அளவு: 9 அடி 4 இஞ்ச். ஜூன் முதல் தேதி அளந்தது அது. பத்து நாள் கழித்து நாடா அறுந்து நட்டோடு கிணற்றில் விழுந்துவிட்டது. புது நாடா வர இரண்டு மாதம் ஆனது. அந்தச் சமயத்தில் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று சொன்னார்கள். பயந்துபோய், பழைய அளவையே நான்கு தடவை எழுதிவிட்டாள். புது நாடா வந்ததும் ஆகஸ்ட் பதினைந்தில் அளந்தால் 4 அடி 2 இஞ்ச். இடையில் கிணறு எப்படி இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. நோட்டில் மட்டும் அசையாமல் நின்றது.

பதினான்காம் தேதி மதியம் ஆண்டிச்சாமியிடம் சொன்னாள்.

"அது எனக்குத் தெரியுமே. டேப்பு போன அன்னைக்கு நான்தான கொக்கி போட்டுத் தேடுனேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ நோட்டுல கையெழுத்துப் போடயில மொகத்த பாத்தேன். அடிவாங்குன புள்ள மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல நான் வேற அடிக்கணுமா?"

"நாளைக்கு அதையும் சொல்லப்போறேன்."

ஆண்டிச்சாமி அவள் பக்கம் திரும்பினார். "வேலைய விட்டு நிப்பாட்டிட்டா?"

"அதையும் நெனச்சுப் பாத்தேன். ஆனா அதக் காட்டி நோட்டே பொய்யின்னுட்டா ஊரு பட்டியல்ல ஏறாதே. அதுதான் பெரிய பயமா இருக்கு."

"பெறகு எதுக்குச் சொல்ற?"

"வெறும் கட்டத்த ஒவ்வொண்ணா தொறந்து காட்டிக்கிட்டு, நெறஞ்ச கட்டத்துல பொய்ய வச்சுக்கிட்டு எப்படி நிக்கிறது? அந்தப் புள்ள என்னைச் சுத்தம்னு சொல்லிருச்சுங்க."

பதினைந்தாம் தேதி காலை ஆறரைக்கு முறைப்படி கிணற்றை அளந்து எழுதிவிட்டுக் கிளம்பினாள். கூடவே வந்த இம்மானுவேல், பஸ்ஸில் விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றேவிட்டான்.

"அந்த நாலையும் சொல்லப் போறீங்களா? அக்கா, அவுகளே கண்டுபிடிக்கலையே! மொத்த நோட்டையும் குப்பைன்னு தள்ளிருவாங்க."

"ஒக்காரு தம்பி. கண்டக்டரு பாக்காரு."

"பாக்கட்டும்! ஊரே பாக்கப்போகுது."

அலுவலகத்தில் துர்காதேவியோடு ஒரு மூத்த அதிகாரியும் இருந்தார். முருகலட்சுமி நான்கு பக்கத் தாளை மேசையில் வைத்தாள். ஒவ்வொரு தேதிக்கும் நேராக 'வற்றியது', 'போகவில்லை', 'தெரியவில்லை' என்று எழுதி, எப்படித் தெரியும் என்பதையும் எழுதியிருந்தாள். பந்தக்கால் கதைகூட ஒரு வரியில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அந்த நான்கு தேதிகள் வட்டமிடப்பட்டிருந்தன.

"இந்த நாலும் கிணறு சொன்னது இல்லங்கய்யா. நானா எழுதுனது. எடுத்துருங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நாலு பொய்யின்னு நீங்களே சொல்றீங்க. மீதி இருநூத்தி அம்பத்து மூணையும் நான் எத வச்சு நம்புறது?"

முருகலட்சுமி நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "நம்பாட்டிப் போங்கய்யா. ஆனா அந்த நாலுக்குப் பக்கத்துல மட்டும் மணி எழுதியிருக்க மாட்டேன், பாருங்க. மத்ததுக்கெல்லாம் அளந்த மணி இருக்கும். அளக்காததுக்கு மணி போட எனக்குத் தோணல."

அவர் நோட்டைப் புரட்டினார். 6.30, 6.35, 6.30, 6.40. நான்கு இடத்தில் மட்டும் மணி இல்லை. மறுபடியும் முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு கணினியைக் காட்டித் துர்காதேவிக்குத் தலையசைத்தார்.

துர்காதேவி வேலையைத் தொடங்கினாள். நான்கையும் நீக்கினாள். வற்றிய ஐம்பதையும் பூஜ்யமாகப் போட்டு வேறு நிறம் கொடுத்தாள். படத்தின் அடியோரத்தில் செங்கற்கள் அடுக்கியதுபோல அவை வரிசையாக வந்து உட்கார்ந்தன. 'போகவில்லை' என்ற இடங்களிலும் 'தெரியவில்லை' என்ற இடங்களிலும் கோட்டை வெட்டி இடைவெளி விட்டாள். பழைய பாலங்கள் மறைந்தன. பிறகு சிவப்புக் கோட்டைப் போடச் சொன்னாள். அது தலையைக் குனிந்துகொண்டு வந்தது. ஆண்டுக்கு ஏழு இஞ்ச் இறக்கம்.

"அந்த ஏழு கேள்விக்குறி?" என்றார் அதிகாரி.

"ரெண்டு விதமாவும் போட்டுப் பாத்துருவோம் சார். ஏழுலயும் வத்துனதா வச்சா..." தட்டினாள். "எட்டு இஞ்ச் எறங்குது. ஏழுலயும் அந்தந்த மாசம் வழக்கமா இருக்குற அளவு தண்ணி இருந்ததா வச்சா..." மறுபடியும் தட்டினாள். "ஆறு இஞ்ச் எறங்குது. எப்படிப் போட்டாலும் ஏறல சார். இன்னொண்ணு, நாடா பாறையில தட்டுனதுக்கப்புறம் தண்ணி அதுக்குக் கீழ எவ்வளவு தூரம் போச்சுன்னு நோட்டுக்குத் தெரியாது. உண்மையான எறக்கம் இதவிடக் கூடத்தான் இருக்கும்." அடியோரத்துப் புள்ளிகளுக்குக் கீழே சின்னச் சின்ன அம்புக்குறிகளைப் போட்டாள்.

முருகலட்சுமி அந்த ஏழு இடைவெளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அவளை உட்காரவிடாமல் விரட்டிய ஏழும் கூடி அந்தக் கோட்டை ஒரு இஞ்ச்தான் அசைத்தன. அப்படியும் அவளுக்கு ஆறுதல் வரவில்லை. கோட்டுக்குத் தேவையில்லாமல் போகலாம். அவளுக்குத் தேவையாகத்தான் இருந்தது.

"நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்," என்று அதிகாரி நோட்டை மூடினார்.

அவர்கள் வந்த நாள் மே இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோடை மழை கொட்டித் தீர்த்துவிட்டது. கரிசல் மண் காலில் அப்பியது. இம்மானுவேல் வானத்தைத் திட்டினான். "நாலு வருசமா இந்த மாசத்துல பெய்யாத மழ! இன்னும் மூணு நாளு பொறுக்கக் கூடாதா?"

ஊர் கிணற்றைச் சுற்றி நின்றது. பிச்சையம்மாள் முருகலட்சுமியின் காதருகே வந்தாள். "ஏ, நட்ட தரைக்குப் போகவிடாத. நடுவுலயே இழுத்துரு. ஒரு சாண் கொறையும்."

"போ மதினி அங்கிட்டு."

நட்டு தட்டிய சத்தம் கேட்டது. இழுத்தாள். சாக்பீஸ் கரைந்திருந்த இடத்தை அதிகாரியிடம் காட்டி, சத்தமாகப் படித்தாள். "ஆறு அடி ஒரு இஞ்ச். மணி பத்து இருபது."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பார்க்க வந்த நாளில் கிணறு தண்ணீரைக் காட்டிவிட்டது. முருகலட்சுமி அந்த அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

துர்காதேவி மடிக்கணினியைக் காரின் முன்பக்கத்தில் வைத்து அந்த ஒரு புள்ளியையும் சேர்த்தாள். கோடு அசைந்ததாகத் தெரியவில்லை. அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, பழைய பக்கங்களில் பத்துப் பன்னிரண்டைப் புரட்டிவிட்டு, "இன்னைக்கு ஆறடி காட்டுறப்ப ஆறடின்னு எழுதுறவங்க, அன்னைக்கும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க," என்று துர்காதேவியிடம் சொன்னார்.

ஜூன் இருபதாம் தேதி பஞ்சாயத்துப் பலகையில் திருத்திய முதல் பட்டியல் ஒட்டப்பட்டது. பத்தொன்பதாவது பெயர் மஞ்சநத்திப்பட்டி. இம்மானுவேல் அதன் அடியில் பச்சை மையால் கோடு போட்டுவிட்டு, ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான். முருகலட்சுமியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் அளக்காத நாளுக்குக் காரணம் எழுத வேண்டும் என்று மட்டும் ஒரு தாள் வந்தது.

ஜூலை முதல் தேதி காலை ஆறரை மணிக்கு நாடா வெள்ளையாக வந்தது. முருகலட்சுமி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஆண்டிச்சாமி ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார்.

"என்ன புள்ள, முட்டை போட்டாச்சா?"

"போடுறேன். வெரட்டாதீங்க."

போட்டாள். வட்டம் சரியாகச் சேரவில்லை. பக்கத்தில் 6.30 என்று எழுதினாள்.

எட்டு மணிக்குப் பிச்சையம்மாள் காலிக் குடத்தோடு வந்தாள். "ஏ முருகலச்சுமி! ஒன்னோட ஏழுல ஒண்ண நான் பிடிச்சுட்டேன். 2016, புரட்டாசி கடேசி. அன்னைக்குத்தான் எங்க வெள்ளாடு கிணத்துல விழுந்துச்சு. நீந்துச்சுடி அது! கயிறு போட்டுத் தூக்குனோம்."

"அப்ப தண்ணி கெடந்துச்சு."

"கெடந்துச்சு. எத்தன அடின்னு ஆட்டத்தான் கேக்கணும்."

முருகலட்சுமி பழைய நோட்டை எடுத்து வந்தாள். 2016 அக்டோபர் பதினைந்துக்கு நேராக இருந்த கேள்விக்குறியை அடித்தாள். 'தண்ணீர் இருந்தது. அளவு தெரியாது. பிச்சையம்மாள் சொன்னது, 1.7.2025' என்று எழுதினாள். துர்காதேவிக்குச் சொல்ல போனை எடுத்தவள், நம்பரை அழுத்தாமல் மீதி ஆறு தேதிகளையும் ஒரு முறை படித்தாள்.

"மதினி, அப்பிடியே இன்னொண்ணும் யோசிச்சுப் பாரு. 2020 மார்ச்சு ஒண்ணு. மாசி மாசம்."

"அடி போடி இவளே," என்று பிச்சையம்மாள் குடத்தைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். "மாசின்னா... இரு, சொல்றேன்."